சதுப்பு நிலக் குழுவுக்குப் போன மசோதா

எங்கள் வில்லோ சந்தில் மொத்தம் ஒன்பது வீடு. நான்கில் விதவைகள். மூன்றில் கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்டவர்கள். ஒன்றில், புருஷன் அலாஸ்காவுக்குத் தங்கம் தோண்டப் போனவன் பதினாலு வருஷமாய்த் தோண்டிக்கொண்டே இருக்கிறான். ஒன்பதாவது என் சலவைக்கடை. என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் ஆண் என்று இருப்பது ஒரு பூனை. அதற்கும் ஓட்டு கிடையாது. ஆக, சந்து முழுக்கச் சல்லடை போட்டுச் சலித்தாலும் ஒரு வாக்காளர் தேறமாட்டார். அதனால் எங்களுக்கு வடிகாலும் கிடையாது.

மழை வந்தால் முழங்கால் சேறு. சலவைக்கடைக்காரிக்கு இதைவிடப் பெரிய எதிரி உண்டா? கொடியிலிருந்து ஒரு சட்டை நழுவி விழுந்தால் முதலிலிருந்து எல்லாம் மறுபடி. நான் ஆறு முறை மனு எழுதிக்கொண்டு எங்கள் வார்டு கவுன்சிலர் டெல்மர் குக்கிடம் போனேன். நல்ல மனிதர். ஆறு முறையும் எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றி, ஒரே பதிலைச் சொன்னார்.

"மிஸஸ் ரோனிங், வடிகால் கேட்டு நாப்பது தெருக்காரங்க என் கதவைத் தட்டுறாங்க. அதுல முப்பத்தொம்பது தெருவுல ஓட்டு இருக்கு. நீங்களே சொல்லுங்க, நான் என்ன செய்ய?"

இதில் ஒரு கூத்து உண்டு. எங்கள் வார்டுக்கு ஓட்டுச்சாவடியே என் வீட்டு முன்னறைதான். தேர்தலன்று காலை குக்கின் ஆட்கள் வண்டியில் பலகை கொண்டுவந்து சந்து நெடுக, ஓட்டுப் போட வரும் கனவான்களின் பூட்ஸ் நனையாதபடி, சேற்றின்மேல் பரப்புவார்கள். சாயங்காலம் பெட்டியைத் தூக்கிய கையோடு பலகையையும் எண்ணி எடுத்துப் போய்விடுவார்கள். அன்று முழுக்க, சாவடிக்குள் பெண்கள் இருக்கக் கூடாது என்பது சட்டம். ஆகவே என் வீட்டிலிருந்து என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள். நான் கோழிக்கூண்டுப் பக்கம் உட்கார்ந்து, ஜனநாயகம் முடியட்டும் என்று காத்திருப்பேன்.

அப்படியிருக்கையில்தான் ஒருநாள் லவீனியா பெக் கடைக்கு வந்தார். பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் செயலாளர். ஒல்லி உடம்பு, மஞ்சள் ரிப்பன், கக்கத்தில் ஒரு நீளப் பெட்டி.

"சட்டசபைக்காரங்க சட்டையெல்லாம் நீங்கதானே துவைக்கிறீங்க?"

"சட்டை, காலர், கைக்குட்டை, சில பேருக்கு உள்ளாடை வரைக்கும்."

"அப்ப நீங்க எங்களுக்கு வேணும்" என்று பெட்டியைத் திறந்தார்.

உள்ளே நூறு அட்டைகள். கீழ்சபையில் உறுப்பினர் நூறு பேர். தலைக்கு ஓர் அட்டை. எந்தக் கோயிலுக்குப் போகிறார், தாயார் உயிரோடு இருக்கிறாரா, மனைவி பேச்சைக் கேட்பவரா, சாப்பாட்டுக்கு முன் நல்லவரா பின் நல்லவரா, எல்லாம் அதில் இருந்தது. போர் நடத்துகிறவர்கள் வரைபடம் வைத்திருப்பார்களே, அதுபோல இவர்கள் அட்டை வைத்திருந்தார்கள். நான் பத்து நிமிஷத்தில் இருபது அட்டைக்குப் புது விவரம் சொன்னேன். இவர் கைப்பட்டையில் எப்போதும் குழம்பு, சாப்பிடும்போது பேசுகிறவர். அவர் சட்டையை அவரே பொத்தான் தைத்துக்கொள்கிறார், மனைவியோடு சண்டை. பெக் அம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

"நகராட்சித் தேர்தல்ல பொம்பளைங்களும் ஓட்டுப் போடலாம்னு ஒரு மசோதா. அது மட்டும் வந்துட்டா உங்க கவுன்சிலர் வடிகாலோட தேடி வருவார்" என்றார்.

எனக்கு அது போதும். மறுநாளே நானும் சங்கத்து ரிப்பன் குத்திக்கொண்டேன்.

உறுப்பினர்களைப் பார்க்கப் போகும்போது கடைப்பிடிக்க வேண்டிய விதிகளை அவர் ஒப்பிக்க வைத்தார். உட்காரச் சொன்னாலொழிய உட்காரக் கூடாது. வாதாடக் கூடாது. அழக் கூடாது. முதலில் கோதுமை விளைச்சலை விசாரிக்க வேண்டும். அவர் சிரித்தால் நாமும் சிரிக்க வேண்டும். ஆனால் அவர் கேலி செய்வது நம்மையா என்று பார்த்துவிட்டுத்தான் சிரிக்க வேண்டும். ஒப்புக்கொண்டால் உடனே அட்டையின் பின்புறம் கையெழுத்து வாங்கிவிட வேண்டும்.

கையெழுத்தா, கொட்டோ கொட்டென்று கொட்டியது! ஐந்து வாரத்தில் ஐம்பத்தெட்டுப் பேர். "ஆஹா, என் அம்மாவுக்கு ஓட்டு வேண்டாமா?" என்று கண் கலங்கியே போட்டார்கள். மேல்சபை மசோதாவை முன்பே நிறைவேற்றி அனுப்பிவிட்டது, கீழ்சபை பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில். ஆளுநரோ, என் மேஜைக்கு வந்த அன்றே கையெழுத்து என்று ஊரறியப் பேசிவிட்டார். நாடே இவ்வளவு நல்லவர்களால் நிறைந்ததா என்று எனக்கு ஒரே மலைப்பு.

"எல்லாரும் சம்மதிச்சுட்டாங்களே, அப்புறம் என்ன தடை?" என்று கேட்டேன்.

பெக் அம்மா பெருமூச்சு விட்டார். "ஓட்டெடுப்புக்கே வராதுன்னு தெரிஞ்சுதான் சம்மதிச்சாங்க, மிஸஸ் ரோனிங். மசோதா எந்தக் குழுவுக்குப் போயிருக்கு தெரியுமா? சதுப்பு நிலக் குழு."

நான் ஏதோ கிண்டல் என்று நினைத்தேன். இல்லை. சபாநாயகரே எங்களுக்கு விளக்கினார்.

"இதுல உள்நோக்கம் ஏதும் இல்லம்மா. நீதிக் குழுவுக்கு வேலை ஜாஸ்தி. தேர்தல் குழு தேர்தல் விஷயத்துல மும்முரமா இருக்கு. சதுப்பு நிலக் குழுதான் சும்மா கிடக்கு. அதுவும் பெரிய கௌரவமான குழு."

அந்தக் கௌரவமான குழுவின் தலைவர் எராஸ்டஸ் வாட்லி. தாடியும் தொந்தியுமாகக் காலண்டர் படத்தில் வருகிறவர் மாதிரி இருப்பார். குழுவுக்கு முன் வரும் எந்த மசோதாவும் அச்சடித்த படிவத்தை நிரப்ப வேண்டுமாம். அதில்லாமல் விசாரணையே கிடையாது. பெக் அம்மா முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் உட்கார்ந்து நிரப்பினார். 'பாதிக்கப்பட்ட பரப்பு' என்ற இடத்தில் 'மாநிலத்தில் பாதி' என்று எழுதினார். 'தேங்கியிருக்கும் காலம்': 'அறுபத்தைந்து வருடம்.' 'தவளைகள் உண்டா' என்பதற்கு மட்டும் சற்று யோசித்து, 'குழு கூடியதும் தெரியும்' என்றார்.

விசாரணை நாளன்று வாட்லி எழுந்து தொண்டையைச் செருமினார்.

"பெண் என்பவள் இல்லத்தின் ராணி. ஓட்டுச்சாவடி எப்பேர்ப்பட்ட இடம்னு இந்தத் தாய்மார்களுக்குத் தெரியுமா? எங்க பார்த்தாலும் புகையிலை எச்சில்! சேறு! காது கூசுற வார்த்தை! அப்படிப்பட்ட இடத்துல என் ராணியோட பாதம் படணுமா? என் மனசாட்சி இடங்கொடுக்கல!"

குழுவினர் மேஜையைத் தட்டினார்கள். வாதாடக் கூடாது என்ற விதி எனக்கு ஞாபகம்தான். ஆனாலும் கை தானாக உயர்ந்துவிட்டது.

"ஐயா, அந்தச் சாவடி என் வீட்டு முன்னறை. மறுநாள் காலைல அந்த எச்சிலைத் துடைக்கிறதே நான்தான்."

வாட்லி என்னைப் பரிவோடு பார்த்தார். "அது வேற, அம்மா. துடைக்கிறது இல்லறக் கடமை. ஓட்டுப் போடுறதுதான் அசிங்கம்."

குழுவின் செயலர் அதை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

பிறகு, நேரில் பார்வையிடாமல் எந்த மசோதாவையும் சதுப்பு நிலக் குழு முடிவு செய்ததில்லை என்று ஓர் உறுப்பினர் நினைவுபடுத்தினார். எதைப் பார்வையிடுவது என்று யாரும் கேட்கவில்லை. குழு ஆறு பேரும் வடக்கே ஏரிக்கரை விடுதிக்குப் போய் ஐந்து நாள் தங்கினார்கள். திரும்பி வந்து இடைக்கால அறிக்கை ஒன்று தந்தார்கள்: 'பார்வையிட்ட பகுதியில் ஓட்டுரிமை கோரும் பெண் எவரும் தென்படவில்லை. மேலும் ஆராய வேண்டும்.' அவர்கள் துணி என் கடைக்கு வந்தது. ஆறு சட்டையிலும் மீன் செதில். கால்சட்டையில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. அதையும் அட்டையில் ஏற்றினேன்.

எங்களுக்கு மிச்சமிருந்தது ஒரே வழி. கூட்டத்தொடரின் கடைசி நாள், கடைசி ஒரு மணி நேரத்தில், அதாவது பகல் பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்குள், எந்த உறுப்பினரும் எழுந்து, குழுவில் கிடக்கும் மசோதாவைச் சபைக்கு இழுக்கக் கோரலாம். பன்னிரண்டு அடித்தால் சபை கலைந்தது. அரசியல் சட்டமே அப்படி. பிறகு இரண்டு வருஷம் அந்தக் கட்டடத்தில் எலிகள்தான் சட்டம் இயற்றும். இரண்டு வருஷம் என்றால் எனக்கு எத்தனை மழை, எத்தனை சட்டை! எங்களுக்காக எழுந்து கேட்க ஒப்புக்கொண்டவர் ஆஸ்மண்ட் ஹாகன் என்ற கோதுமை விவசாயி. நேர்மையானவர். ஆனால் அவர் சபையில் பேசியது நான்கு வருஷத்தில் ஒரே முறை, ஜன்னலைச் சாத்தச் சொல்லி.

கடைசி நாள் வந்தது. சரியாகப் பதினொன்றுக்குச் சபாநாயகருக்குப் பாராட்டு விழா தொடங்கியது. ஒவ்வொரு தொடரிலும் இதுதான் வழக்கம் என்று பெக் அம்மா சொன்னார். பதினேழு பேர் பேசினார்கள். ஒருவர் அவரை மலை என்றார், அடுத்தவர் அது போதாதென்று மலைத்தொடர் என்றார். கடைசியில் ஒரு தங்கக் கடிகாரம் பரிசளித்தார்கள். ஹாகன் ஏழு முறை எழுந்தார். ஏழு முறையும், "பாராட்ட எழுந்தீர்களா?" என்று சபாநாயகர் கேட்டார், "இல்லைங்க" என்றதும் உட்கார்த்திவிட்டார். பக்கத்துத் தேவாலயத்தில் பன்னிரண்டு மணி அடித்தது. கேலரியிலிருந்த எங்கள் பெண்கள் எழுந்து கீழே போனார்கள். பதினாறு வருஷமாக அவர்கள் இந்த மணி கேட்டதும்தான் வீட்டுக்குப் போகிறார்கள். பெக் அம்மா கீழ்க்கூடத்தில் அட்டைப் பெட்டிக்குக் கயிறு கட்டினார். அழக் கூடாது என்ற விதியைப் போட்டவர் அவர்தான் என்பதால் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு மட்டும் வேலை பாக்கி. இரண்டு மணிக்கு உறுப்பினர்கள் சேர்ந்து போட்டோ எடுத்துக்கொள்வார்களாம். புதுக் காலர் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். கடைக்குப் போய்க் காலர் பெட்டிகளை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து சபையின் கதவைத் திறந்தேன். சபை கலையவே இல்லை. மசோதா மேல் மசோதாவாக ஓடிக்கொண்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்: பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம்.

அடுத்துக் காலர்களைப் பார்த்தேன். என் கஞ்சி பொய் சொல்லாது. காலை ஏழுக்குக் கட்டிய காலர் பகல் ஒன்று வரை முறுக்காய் நிற்கும், அதன்பிறகுதான் தளரும். அங்கே நூறு கழுத்திலும் காலர் வாடித் தொங்கிக்கொண்டிருந்தது.

வாயில்காப்போன் பார்ட்டனிடம் கேட்டேன். "ஏங்க, மணி பன்னண்டே ஆகலையா? காலரெல்லாம் ரெண்டு மணிக் காலரா இருக்கே?"

பார்ட்டன் கையில் ஒரு நீளக் கோல் இருந்தது. சிரித்தார். "இங்க மணி எத்தனைன்னு நாங்கதான் சொல்லணும். ஒவ்வொரு கூட்டத்தொடர்லயும் பன்னண்டுக்கு அஞ்சு இருக்கும்போது சபாநாயகர் கண்ணைக் காட்டுவார், நான் முள்ளை நிறுத்திடுவேன். அவங்க வேலை முடியுற வரைக்கும் பன்னண்டு ஆகாது. இப்பக்கூட, ஒண்ணு பத்துக்கு, வாட்லி ஐயாவோட மசோதா நிறைவேறிச்சு. அவர் பண்ணைச் சதுப்புக்கு அரசாங்கச் செலவுல வடிகால்."

வடிகால்! எனக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. காலர் பெட்டிகளை அணைத்தபடி கீழே ஓடினேன். நல்லவேளை, பெக் அம்மாவும் பெண்களும் கீழ்க்கூடத்தை விட்டு இன்னும் கிளம்பவில்லை.

"பெக் அம்மா! மேல இன்னும் பன்னண்டு ஆகலையாம்!"

விஷயத்தைச் சொன்னேன். கேட்டதும் அவர் அட்டைப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு கயிற்றை அவிழ்த்தார்.

"பதினாறு வருஷம், மிஸஸ் ரோனிங். பதினாறு வருஷமா ஒழுங்கா மணி பார்த்து வீட்டுக்குப் போயிருக்கோம். எங்களை மாதிரி மடச்சிங்க உண்டா?" ஒரு துண்டுக் காகிதத்தில் நாலு வரி எழுதினார். "சபைக்குள்ள எங்களை விடமாட்டாங்க. காலர் கொண்டுபோற உங்களை யாரும் தடுக்க மாட்டாங்க. இதை ஹாகனோட காலர் பெட்டியில வைங்க."

வைத்தேன். ஹாகன் காகிதத்தைப் படித்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி படித்தார். வாடிய காலரைக் கழற்றிப் புதுசை நான் மாட்டிவிட்டேன். முறுக்கான காலர் கழுத்தைத் தாங்கினால் மனுஷனுக்குத் தைரியம் வருமோ என்னவோ, எழுந்துவிட்டார்.

"தலைவரே, சதுப்பு நிலக் குழுவுல இருக்குற பெண்கள் ஓட்டு மசோதாவைச் சபைக்கு எடுக்கணும்னு கேட்டுக்கறேன்."

சபை கொல்லென்று சிரித்தது. வாட்லி எழுந்து, சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை உருவினார்.

"நேரம் போயாச்சு நண்பரே! கடைசி மணி நேரத்துக்குள்ள கேட்டிருக்கணும். இப்ப மணி ஒண்ணு நாப்பது!"

ஹாகன் காகிதத்தைப் பார்த்துக்கொண்டார். "அப்படீங்களா? அப்ப சபை பன்னண்டுக்கே கலைஞ்சிருச்சு. ஒண்ணு பத்துக்கு நிறைவேத்தின உங்க வடிகால் மசோதா செல்லாதுங்களே?"

சிரிப்பு நின்றது. இருபத்திமூன்று பேருடைய மசோதா பன்னிரண்டுக்கு மேல் நிறைவேறியிருந்தது. அந்த இருபத்திமூன்று பேரும் வாட்லியின் கையிலிருந்த கடிகாரத்தைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

"ஐயா வாட்லி" என்றார் ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "உங்க கடிகாரம் தப்பா ஓடுது."

"தப்பா? இது சுவிஸ் கடிகாரம்யா!"

"சுவிட்சர்லாந்துல மணி ஒண்ணு நாப்பதா இருக்கலாம். இங்க இல்ல."

சபாநாயகர் பரிசுக் கடிகாரத்தை மெதுவாக மேஜைக்கடியில் தள்ளிவிட்டு எழுந்தார். அவர் தீர்ப்பைக் குறிப்பேட்டில் இன்றும் படிக்கலாம். "உறுப்பினருடைய கடிகாரம் இந்தச் சபையோட உறுப்பினர் இல்ல. சபைக்கு ஒரே கடிகாரம்தான், அது சுவத்துல இருக்கு. இந்தச் சபை காலத்துக்குக் கட்டுப்பட்டதுன்னு இதுவரைக்கும் யாரும் குற்றஞ்சாட்டினது இல்ல. மணி பன்னண்டுக்கு அஞ்சு. ஹாகன் கேட்டது செல்லும்."

வாட்லி அண்ணாந்து கேலரியைப் பார்த்தார். பெக் அம்மா அதற்குள் பெண்களை அட்டைகளோடு அங்கே கூட்டி வந்திருந்தார், காலர் கொடுத்து முடித்து நானும் மேலே போய்ச் சேர்ந்துகொண்டேன். பெயர் கூப்பிட்டு ஓட்டெடுத்தார்கள். கையெழுத்துப் போட்டவர் பெயர் வரும்போதெல்லாம் எங்களில் ஒருத்தி எழுந்து, அவருடைய அட்டையை, கையெழுத்துப் பக்கம் தெரிகிறாற்போல், உயர்த்திப் பிடித்தாள். கண் கலங்கக் கையெழுத்துப் போட்டவர்கள் இப்போது நிஜமாகவே கண் கலங்கினார்கள். ஒருவர் மேஜைக்கடியில் குனிந்து எதையோ தேடினார், அவர் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள், அவருடைய மனைவியே கேலரியிலிருந்து, "ஆல்பர்ட், நீ அங்கதான் இருக்க, தெரியுது!" என்றாள். சம்மதம் என்ற குரல் மேஜைக்கடியிலிருந்து வந்தது. ஐம்பத்தெட்டுக்கு ஐம்பத்தெட்டு.

பெக் அம்மா விதியை மீறினார். நானும்தான்.

ஆளுநர், தான் அப்படிச் சொன்னதே இல்லை என்று இரண்டு நாள் சொல்லிப் பார்த்துவிட்டு, செய்தித்தாளில் வந்திருப்பதைக் காட்டியதும் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த நகராட்சித் தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பு, கொட்டுகிற மழையில் கவுன்சிலர் குக் எங்கள் சந்துக்கு வந்தார். வந்தார் என்றால், பாதி வந்தார். நடுவில் பூட்ஸ் சிக்கிக்கொண்டது. ஒன்பது வாசலிலும் ஒன்பது பெண்கள் வந்து நின்றோம். அவர் அந்த நிலையிலும் தொப்பியைக் கழற்றினார்.

"மிஸஸ் ரோனிங்! உங்க ஓட்டை எனக்கே போடணும்!"

"நல்லாக் கேட்டீங்க. உங்க கோரிக்கையைக் குழுவுக்கு அனுப்பியிருக்கோம்."

"எந்தக் குழு?"

"சதுப்பு நிலக் குழு. நாங்க ஒம்பது பேரும்தான். இப்ப பார்வையிட்டுக்கிட்டு இருக்கோம்."

"அம்மா, கால் இறங்குது!"

"குறிச்சுக்குறோம். தேங்கி எத்தனை நாளாச்சு?"

"தாயே, திங்கட்கிழமை ஆள் அனுப்பறேன்! வடிகால் தோண்டிடலாம்! கை குடுங்க!"

கை கொடுக்கவில்லை. பலகை இருந்தால் போடுகிறோம் என்றோம். அது அவருடைய கிடங்கில் அல்லவா இருக்கிறது! கடைசியில் கொடிக்கயிற்றைப் போட்டு ஒன்பது பேரும் இழுத்தோம். பூட்ஸ் வரவில்லை. வடிகால் தோண்டியபோது அது கிடைத்தது. துடைத்து வைத்திருக்கிறேன்.

தேர்தலன்று காலை, சந்து காய்ந்து கிடந்தது. வழக்கம்போல என் முன்னறையில் பெட்டி வைத்தார்கள். வழக்கம்போல, "அம்மா, வெளிய போங்க" என்றார்கள். போனேன். கோழிக்கூண்டுப் பக்கம் போகாமல், வரிசையின் கடைசியில் நின்றேன். மெல்ல நகர்ந்து மறுபடியும் என் வாசற்படி ஏறி உள்ளே வந்தேன். சாவடி அதிகாரி புது ஆள். பேனாவை மையில் தோய்த்து, தலை நிமிராமல் கேட்டார்.

"பேரு?"

"டில்டா ரோனிங்."

"இந்த வார்டுல குடியிருக்கீங்கங்கறதுக்கு என்ன ஆதாரம்?"

"நீங்க உக்காந்திருக்கிறது என் நாற்காலிங்க."

அவர் எழுந்து நின்று சீட்டைக் கொடுத்தார். நான் உட்கார்ந்து, அவசரப்படாமல், நிதானமாக ஓட்டுப் போட்டேன்.